கான்டாக்ட்ஸ் அனுமதியை மட்டும் முதலில் பார்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

புதுப் போனில் எந்த ஆப் எதைக் கேட்டாலும் 'அனுமதி' என்று தட்டிவிடுவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

முன்பு ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் வேண்டுமென்றால், அது கேட்கும் அத்தனைக்கும் மொத்தமாகத் தலையாட்ட வேண்டியிருந்தது. 2015-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்துதான் ஒவ்வொன்றாக மறுக்க முடிகிறது. அதற்கு முன், 2013-இல், ஒரு டார்ச் லைட் ஆப் ஆட்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விளக்கெரிய நாம் எங்கே நிற்கிறோம் என்பது எதற்கு?

இருப்பிடமாவது உன்னுடையது, கொடுப்பதும் மறுப்பதும் உன் இஷ்டம். கான்டாக்ட்ஸ் அப்படியில்லை. அதில் என் எண் இருக்கிறது, உன் தங்கையின் எண் இருக்கிறது, நீ பார்க்கும் டாக்டரின் எண்ணும் இருக்கிறது. நீ ஒருமுறை தட்டினால் அத்தனையும் யாருடைய சர்வருக்கோ போய்விடலாம். எங்களை யாரும் கேட்கப்போவதில்லை. பிறகு அனுமதியை நிறுத்தினாலும், போனது போனதுதான். சில கடன் ஆப்கள் தவணை தவறியவரின் கான்டாக்ட்ஸில் இருந்தவர்களையெல்லாம் அழைத்து அவமானப்படுத்தியது உனக்கும் தெரியும். அவர்கள் கடனும் வாங்கவில்லை, அனுமதியும் கொடுக்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

சரி, செய்ய வேண்டியது சுலபம். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் 'பெர்மிஷன் மேனேஜர்' இருக்கும். கான்டாக்ட்ஸைத் தொட்டால் எந்தெந்த ஆப்புக்குக் கொடுத்திருக்கிறாய் என்று தெரியும். கால்குலேட்டர், விளையாட்டு, போட்டோ எடிட்டர் எல்லாவற்றுக்கும் அந்த அனுமதியைத் தயங்காமல் எடுத்துவிடு. மேப்புக்கு இருப்பிடம் வேண்டும்தான். 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வைத்தால் போதும். வானிலை ஆப்புக்குத் துல்லியமான இடம்கூட வேண்டாம், தோராயமாகத் தெரிந்தால் போதும். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து அந்த வசதியும் உண்டு. திரையின் மேல்மூலையில் பச்சைப் புள்ளி தெரிந்தால் மைக்கோ கேமராவோ ஓடுகிறது என்று அர்த்தம். நீ பேசாதபோது அது தெரிந்தால் எந்த ஆப் என்று உடனே பார்.

மறுத்தால் ஆப் ஓடாதோ என்று பயப்படாதே. பெரும்பாலும் ஓடும். ஏதாவது ஒரு வேலை நின்றால், அதற்கு மட்டும் திரும்பக் கொடுக்கலாம்.

பட்டியலில் எந்தெந்த ஆப் இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. அப்புறம், தங்கையின் போனையும் ஒருமுறை பார்த்துக் கொடு.

அன்புடன்,
ரகு