சனி, ஞாயிறு மலிவு கரண்ட் பிளானுக்கு நீ மாறலாமா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா உன் வீட்டோடு வந்து இருக்கச் சம்மதித்துவிட்டார் என்ற வரியைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி. எத்தனை வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். முழங்காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்கிறாரா, நீ வேலைக்குப் போனபிறகு பேச்சுத்துணைக்கு யாராவது உண்டா, இதையெல்லாம் அடுத்த கடிதத்தில் எழுது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள், வீட்டிலிருந்தே போய்வருகிறாள் என்பதில் எனக்குச் சந்தோஷம். சின்னவனுக்கு இது பரீட்சை வருடம், அதனால் வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். சனியும் ஞாயிறும் யூனிட் விலையைக் குறைத்துக் கொடுக்கிற அந்த பிளானுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். நாங்கள் ஏற்கெனவே அதில்தான் இருக்கிறோம் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு அது ஒத்துவருகிறது, உனக்கு இப்போதைக்கு ஒத்துவராது என்றுதான் நினைக்கிறேன். உனக்குச் சனிக்கிழமையும் டூட்டி. அம்மா திங்கள் முதல் வெள்ளி வரை பகல் முழுக்க வீட்டில் இருப்பார். அதாவது உன் வீட்டில் கரண்ட் அதிகம் ஓடப்போவது விலை கூடிய நாட்களில்தான். ஆனாலும் நான் சொன்னேன் என்பதற்காக விட்டுவிடாதே, கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடு.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது வார இறுதி விலையை. உன் பில்லைத் தீர்மானிக்கப்போவதோ அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வாரநாள் விலை. இந்த மாதிரி பிளான்களில் வாரநாள் விலை சாதாரண பிளானைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், இங்கே குறைத்ததை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது நீ கொடுக்கும் விலையை 100 என்று வைத்துக்கொள். புது பிளானில் வாரநாளுக்கு 120, சனி ஞாயிறுக்கு 60 என்று வைப்போம். 60 என்றதும் பில் பாதியாகிவிடும்போலத் தோன்றும். ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் சனியும் ஞாயிறும் சேர்ந்து 48 மணி நேரம்தான். ஏழு நாளும் ஒரே மாதிரி செலவாகும் வீட்டில் 100 யூனிட்டுக்கு 28, 29 யூனிட்தான் மலிவு விலையில் விழும், மீதி 71 சொச்சம் கூடுதல் விலையில் போய்விடும். கூட்டிப் பார்த்தால் சராசரி கிட்டத்தட்ட 103. மாறியதால் நஷ்டம். வரவும் செலவும் சரிக்குச் சரி என்று நிற்கவே மூன்றில் ஒரு பங்கு கரண்ட் அந்த இரண்டு நாளில் செலவாக வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிப்போட்டு 40 சதவீதத்துக்குக் கொண்டுபோனாலும் சராசரி 96 தான், நூற்றுக்கு நாலு மிச்சம். அந்த மிச்சமும் யூனிட் கட்டணத்தில் மட்டும்தான், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் வருகிற நிலைக் கட்டணத்தில் எதுவும் குறையாது.

உன் எண்களை வைத்து நீயே இதைப் போட்டுப் பார்க்கலாம். வாரநாள் விலையிலிருந்து இப்போதைய விலையைக் கழி. அப்புறம் வாரநாள் விலையிலிருந்து வார இறுதி விலையைக் கழி. முதலில் வந்ததை இரண்டாவதால் வகுத்தால் எத்தனை பங்கு கரண்ட் சனி ஞாயிறில் செலவாக வேண்டும் என்று தெரிந்துவிடும். என் உதாரணத்தில் 20-ஐ 60-ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று.

உன் வீட்டின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் ஊகிக்காமல் அளந்து பார்க்கச் சொல்கிறேன். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் நாள்வாரிக் கணக்கு ஆப்பிலேயே வந்துவிடும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கும் முன் ஒரு ரீடிங், ஞாயிறு ராத்திரி ஒரு ரீடிங், அடுத்த வெள்ளி ராத்திரி இன்னொன்று, அவ்வளவுதான். நான் மாறுவதற்கு முன் மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், யார் அந்தப் பக்கம் போனாலும் டார்ச் அடித்துப் பார்த்து எழுதிவிடுவார்கள். பழைய மீட்டராக இருந்தால் கடைசி இலக்கம் சிவப்பாக இருக்கும், அது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு, அதையும் சேர்த்து எழுதினால் கணக்கு பத்து மடங்காகிவிடும், பார்த்துக்கொள். ஹீட்டரோ ஏசியோ ஓடுகிற காலத்தில் ஒருமுறை, ஓடாத காலத்தில் ஒருமுறை எழுது. இரண்டும் வேறு வேறு வீடுபோல இருக்கும்.

எதையெல்லாம் சனி ஞாயிறுக்குத் தள்ளலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய். அங்கேதான் எனக்குத் தயக்கம். ஃபிரிட்ஜ், லைட், சமையல், ஏசி, கம்ப்யூட்டர், இவை எதுவும் நாள் பார்த்துக் காத்திருக்காது. தள்ள முடிவது துணி துவைப்பது, டிரையர், இஸ்திரி, பாத்திரம் கழுவும் மெஷின், வாக்குவம் கிளீனர், இவ்வளவுதான். 60 டிகிரி வெந்நீரில் ஒரு தடவை துவைத்தால் ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகும், அதில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போய்விடுகிறது. அந்த ஒரு யூனிட்டைப் புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்குத் தள்ளினால் பாதி விலை மிச்சம். புதன்கிழமையே 30 டிகிரியில் துவைத்தாலும் அதே பாதி மிச்சம், சொல்லப்போனால் அதற்கும் கொஞ்சம் மேலே. அதற்கு பிளானே மாற வேண்டாம், இன்றைக்கே செய்யலாம். டிரையர்தான் பெரிய தீனிக்காரன், பழைய மாடல் ஒரு முழு லோடுக்கு மூன்று நான்கு யூனிட் சாப்பிடும். கொடியில் போட இடம் இருந்தால் அந்தச் செலவே இல்லை.

வெந்நீரைப் பற்றியும் கேட்டிருந்தாய். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த மூன்றரை யூனிட் வேண்டும், உன் வீட்டிலேயே பெரிய செலவுகளில் ஒன்று அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சூடாக்கிய டேங்க் வியாழக்கிழமை வரை சூடாக இருக்காது. இரவில் மலிவு என்கிற பிளான்களுக்கும் வார இறுதி பிளானுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். பிரிட்டனில் 1978-லேயே இரவில் ஏழு மணி நேரம் மலிவாகக் கொடுக்கும் எகானமி 7 என்ற திட்டம் வந்தது. அதில் இருந்தவர்கள் செங்கல் அடுக்கிய ஹீட்டரை ராத்திரி சூடேற்றி வைத்து மறுநாள் அந்தச் சூட்டில் குளிர் காய்ந்தார்கள். ஒரு நாளைக்குச் சூட்டைப் பிடித்து வைக்கலாம், ஐந்து நாளைக்கு முடியாது. ஐந்து நாளைக்கு வைத்திருக்க வேண்டுமென்றால் பேட்டரிதான் வேண்டும்.

எங்களுக்கு இது ஒத்துவருவதும் அதனால்தான், எங்களிடம் எலக்ட்ரிக் கார் இருக்கிறது. சாதாரண எலக்ட்ரிக் கார் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட்போல எடுக்கும். வாரத்துக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 30 யூனிட். அதைச் சனி ஞாயிறில் நிரப்பிவிட்டால் வாரம் முழுக்கப் போதும். வீட்டுக்கு வாரம் 70 யூனிட் என்று வைத்தால், அதில் 20 தானாகவே வார இறுதியில் விழுகிறது, அதோடு காருக்கு 30, ஆக 100-ல் 50. மேலே சொன்ன விலைப்படி சராசரி 90-க்கு இறங்கிவிடும். இதற்காக யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, வயரைச் சொருகிவிட்டு உள்ளே வந்துவிடுகிறோம். வாரநாட்களில் பகலில் வீடு பூட்டியே கிடக்கிறது என்பதும் இன்னொரு காரணம். உன்னிடம் கார் இல்லை, பகலில் வீடு பூட்டியும் இருக்காது.

கணக்கை விட்டுவிட்டு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், எனக்கு இவைதான் முக்கியம். ஒன்று உன் ஞாயிற்றுக்கிழமை. சனி டூட்டி முடிந்து வந்து உனக்குக் கிடைப்பது அந்த ஒரே நாள். அன்றைக்கு ஒரு வாரத்துத் துணி, இஸ்திரி, பாத்திர மெஷின் எல்லாவற்றையும் குவித்தால் காலையில் எழுந்தது முதல் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒன்றை இறக்கி அடுத்ததை ஏற்றிக்கொண்டு நிற்பாய். மிச்சமாவது நூற்றுக்கு மூன்றோ நாலோ. அதைச் சம்பாதிக்க உன் ஓய்வைக் கொடுக்கிறாய் என்பது எந்த பில்லிலும் தெரியாது. வீட்டில் மற்றவர்கள் கைகொடுத்தால் வேறு கதை, ஆனால் பிளானை எடுப்பது எல்லோரும், மெஷின் பக்கத்தில் நிற்பது ஒருத்தி என்றால் அது நியாயமே இல்லை. நீ படுத்துத் தூங்கு, அம்மாவோடு உட்கார்ந்து பேசு, அதற்குத்தானே அவரைக் கூட்டிவந்தாய்.

இன்னொன்று அம்மா. அவரைப் பற்றி எனக்கும் தெரியும், ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் பொறுக்க மாட்டார். வாரநாளில் கரண்ட் விலை கூடுதல் என்று அவர் காதில் விழுந்தால் போதும், நீ கிளம்பிய அடுத்த நிமிடம் ஏசியையோ ஹீட்டரையோ அணைத்துவிட்டு, சாயங்காலம் நீ வரும் நேரத்துக்கு மறுபடி போட்டுவைப்பார். வயதானவர்களுக்கு உடம்பு வெப்பத்தைச் சமாளிக்கும் சக்தி குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. குளிரும் அப்படித்தான், அவர்களை அதிகம் பாதிக்கும். வாரத்தில் ஐந்து நாள் பகலில் ஒரு பெரியவர் தனியாக இருக்கும் வீட்டில், அந்த ஐந்து நாளையும் விலை கூட்டி வைக்கிற பிளான் எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு மிச்சமானாலும் இதற்காகவே நான் வேண்டாம் என்பேன்.

கம்பெனிக்காரர்கள் இதை ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டாயல்லவா. சனி ஞாயிறில் அலுவலகமும் தொழிற்சாலையும் பெரும்பாலும் மூடியிருப்பதால் மின்தேவை இறங்கிவிடும், அப்போது கரண்ட் மலிவாகக் கிடைக்கும். சூரிய மின்சாரம் நிறைய உள்ள இடங்களில் ஞாயிறு மத்தியானம் தேவைக்குமேல் மிஞ்சுவதும் உண்டு. வாரநாள் சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்து ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடுகிற நேரம்தான் அவர்களுக்குச் செலவு. முடிந்தவர்கள் தள்ளிப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

பின்னால் எப்போதாவது நீ கார் வாங்கி, டூட்டி நேரமும் மாறி, மாறலாம் என்று தோன்றினால், கையெழுத்துப் போடும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள். வார இறுதி எந்த மணிக்கு ஆரம்பித்து எந்த மணிக்கு முடிகிறது, வெள்ளி இரவா, சனி நள்ளிரவா? விடுமுறை நாட்கள் சேருமா? நிலைக் கட்டணம் இப்போதையதைவிடக் கூடுமா? சில பிளான்களில் மலிவு விலைக்கு இத்தனை யூனிட் வரைக்கும்தான் என்று எல்லை இருக்கும். நடுவில் விலகினால் அபராதம் உண்டா என்பதை அவசியம் கேள். மலிவு நேரத்தைத் தனியாகப் பதிகிற மீட்டர் இல்லாமல் இந்த பிளான் நடக்காது, மாற்றித்தர யார் பணம் கட்டுவது என்பதையும். அப்புறம் மலிவு நேரம் என்று எல்லா மெஷினையும் ஒன்றாகப் போடாதே, ஹீட்டரும் டிரையரும் வாஷிங் மெஷினும் சேர்ந்தால் ஃபியூஸ் போய்விடலாம். டிரையரை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போவதும் வேண்டாம், தீப்பிடிக்கிற ஆபத்து உள்ள சாமான் அது.

இந்த மாத ரீடிங்கையும் பில்லின் இரண்டாம் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, யூனிட் விலையும் நிலைக் கட்டணமும் தனித்தனியாக இருக்கும் பக்கம். நான் உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். ஒரே விலை பிளான்களிலேயே இன்னும் மலிவாக ஒன்று கிடைக்கலாம், அதையும் சேர்த்துப் பார்த்துவிடுவோம். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல், பகலில் ஏசி போட்டுக்கொள்ளச் சொன்னேன் என்றும் சொல்.

அன்புடன்,
உன் தோழி