பிபி பாக்குறீங்க, சுகர் பாக்குறீங்க, ராத்திரியப் பத்தியும் ஒரு வார்த்தை கேளுங்க

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வணக்கம்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன டவுன்ல இருந்து எழுதுறேன். 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சீங்களே மக்களைத் தேடி மருத்துவம், அதுல வீட்டுக்கே பிபி மாத்திரை வாங்குற வயசானவங்கள்ல எங்கம்மாவும் ஒருத்தர். நல்ல திட்டம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, 2024ல ஐநா விருது வாங்குனப்போ எங்க தெருவுலயே பேசிக்கிட்டாங்க. எங்க ஏரியாவுக்கு வர்ற தன்னார்வலர் அக்கா வெயில்ல நடந்தே வருவாங்க, உக்காந்து ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டு அம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவாங்க. குறை சொல்ல நான் எழுதல. அந்த அக்கா கேக்குற கேள்விங்களோட இன்னும் ஒன்னு சேத்துக் கொடுங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன்.

"ராத்திரி படுக்கையிலேயே ஒன்னுக்குப் போயிருதாம்மா?"

அவ்வளவுதான். இத ஒருத்தரு வாய்விட்டுக் கேக்கணும், ஏன்னா வயசானவங்க தானா சொல்லவே மாட்டாங்க. மூட்டு வலிய ஊருக்கே சொல்லுவாங்க, மலச்சிக்கலக் கூட சொல்லிருவாங்க, இத மட்டும் சொல்ல மாட்டாங்க. என்ன பண்ணுவாங்கன்னா, விடியுறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நனைஞ்ச சேலைய தானே அலசிப் போட்டுட்டு "ராத்திரி தண்ணி கொட்டிருச்சு"ன்னு சொல்லுவாங்க, இல்ல சாயங்காலம் காபிக்கு அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்க. அதுதான் பெரிய ஆபத்து. ராத்திரி படுக்கப் போறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி குறைச்சுக்கறது சரி, ஆனா பகல் பூரா தண்ணிய நிறுத்துனா சிறுநீர் கெட்டியாகி எரிச்சல் வரும், எரிச்சல் வந்தா இன்னும் அடிக்கடி முட்டும், கூடவே மலம் இறுகி அது வேற மூத்திரப் பையப் போய் அமுக்கும், கடைசியில இன்ஃபெக்‌ஷன்ல போய் நிக்கும். சித்திரை வைகாசி வெயில்ல தண்ணி குடிக்காத கிழவி மயங்கி விழுந்தா எல்லாரும் வெயில்னுதான் சொல்றாங்க, ராத்திரி பாய் நனையக் கூடாதுன்னு பயந்து குடிக்காம இருந்தாங்கன்னு யாருக்குத் தெரியும்.

வீட்டுல இருக்குறவங்களுக்கும் இது ஒரு நோயாவே தெரியறதில்ல. வயசாயிருச்சு, அப்பிடித்தான்னு விட்டுர்றோம். எங்க வீட்டுலயும் இதேதான் பேச்சு, ஒரு டாக்டர் உக்காந்து விவரமா கேக்குற வரைக்கும். அவரு கேட்ட முதல் கேள்வி, நீர் மாத்திரை (உடம்புல சேந்த நீர மூத்திரமா வெளிய தள்ளுற மாத்திரை) எத்தன மணிக்குக் குடுக்குறீங்கன்னு. பிபிக்கும் கால் வீக்கத்துக்கும் குடுக்குற நீர் மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம் ராத்திரி போட்டா அது வேலை செய்யுற நேரமும் ராத்திரிதான, அத அவரு காலையில மாத்துனாரு. (படிக்கிறவங்க தயவுசெஞ்சு நீங்களா நேரத்த மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க.) ரெண்டாவதா, அம்மாவோட காலப் பாத்தாரு. பகல் பூரா நாற்காலியில கால் தொங்கப்போட்டு உக்காந்திருந்தா பாதத்துல நீர் எறங்கிக்கும், ராத்திரி படுத்ததும் அந்த நீரெல்லாம் திரும்ப ரத்தத்துல ஏறி கிட்னி அத வடிகட்டி வெளிய தள்ளும், அதனாலதான் பகல்ல ரெண்டு தடவ போறவங்க ராத்திரி நாலு தடவ எந்திரிக்கிறாங்கன்னு சொன்னாரு. மத்தியானம் ஒரு மணி நேரம் கால ஸ்டூல் மேலயோ தலகாணி மேலயோ தூக்கி வெச்சுப் படுக்கச் சொன்னாரு. இதுக்கு காசு ஒரு பைசா கிடையாது. அம்மாவுக்கு நின்னுருச்சான்னா இல்ல, முழுசா நிக்கல, ஆனா தினமும் இருந்தது எப்பவாவதுன்னு ஆச்சு.

இந்த ரெண்டு விஷயமும் ஒரு தன்னார்வலருக்கு அரை நாள் பயிற்சியில சொல்லிக் குடுத்துரலாம்னு எனக்குத் தோணுது. கூடவே மூணு நாளைக்கு ஒரு சின்ன சார்ட், எப்ப குடிச்சாங்க, எப்ப போனாங்க, எப்ப நனைஞ்சுதுன்னு வீட்டுல எழுதி வெக்கச் சொன்னா அத வெச்சே ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் பாதி விஷயத்தப் புரிஞ்சுக்குவாரு. சுகர் ஏறியிருக்கா, ஆம்பளைங்கன்னா மூத்திரப் பைக்குக் கீழ இருக்குற புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் முழுசா இறங்காம நிரம்பி வழியுதா, புதுசா ஏதும் தூக்க மாத்திரை ஆரம்பிச்சாங்களா, இதெல்லாம் பாக்கணும்ல. அதுலயும் நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்களுக்கு திடீர்னு ஆரம்பிச்சு, ஆளும் குழப்பமாப் பேசுனாங்கன்னா அது வயசுக் கோளாறு இல்ல, உடனே காட்டணும், இன்ஃபெக்‌ஷன் அப்பிடியும் வரும். இத தெருவுல எத்தன பேருக்குத் தெரியும்னு நெனைக்கிறீங்க?

தெரியாததாலதான் "மூத்திரத்துக்கு டியூப் போட்டு விட்டுருங்க, நிம்மதி"ன்னு ஆளாளுக்கு யோசனை சொல்றாங்க. சொந்தக்காரங்க சொல்லலாம், சில இடத்துல ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவங்களே சொல்றாங்க. வீட்டுல இருக்குறவங்க தூங்கறதுக்காக ஒருத்தருக்கு டியூப் போடக் கூடாது, அது உள்ள இருக்க இருக்க இன்ஃபெக்‌ஷன் வர்ற வாய்ப்பு கூடிக்கிட்டே போகும், மறதி நோய் இருக்குறவங்க அதப் புடிச்சு இழுத்து ரத்தம் வர்றதும் உண்டு. டியூப் தேவைப்படுற கேஸ் இருக்கு, அத டாக்டர் முடிவு பண்ணட்டும்.

டியூப்புக்கு முன்னாடி செய்யக்கூடியது நிறைய இருக்கு. கட்டிலுக்குப் பக்கத்துலயே ஒரு கமோட் சேர், வழுக்காத தரை, ஒரு சின்ன ஜீரோ வாட் பல்பு. ராத்திரி அவசரத்துல பாத்ரூமுக்கு ஓடி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு அதோட படுக்கையானவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. அப்புறம் மெத்தை. இலவம் பஞ்சு மெத்தை வேணவே வேணாம், ஒரு தடவ உள்ள இறங்குன வாடை எந்த வெயில்ல காயப்போட்டாலும் போகாது. ரெக்சின் உறை போட்ட மெத்தை, அதுக்கு மேல துவைச்ச பழைய நூல் சேலைய நாலா மடிச்சு விரிச்சாலே பாதி வேலை முடிஞ்சுரும். டயப்பர் போட்டா சாயங்காலம் போட்டது காலை பத்து மணி வரைக்கும் கெடக்கட்டும்னு விடக் கூடாது, தொடை இடுக்கு சிவந்து தோல் உரிஞ்சுரும், நனைஞ்சா மாத்தி, தண்ணியில கழுவி, தேய்க்காம ஒத்தி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு க்ரீம் லேசா தடவணும். பவுடர அள்ளிக் கொட்டுறது எங்க ஊர்ல பெரிய பழக்கம், அது ஈரத்தோட சேந்து கட்டிகட்டியா ஒட்டிக்கிட்டு இன்னும் புண்ணாக்குது.

இப்ப காசு விஷயத்துக்கு வர்றேன். முதியோர் பென்சன 2023 ஆகஸ்ட்ல 1200 ரூபா ஆக்குனாங்க. ராத்திரிக்கு ஒரே ஒரு டயப்பர்னு வெச்சாக்கூட மெடிக்கல்ல வாங்குனா அந்தப் பென்சன்ல பெரும்பகுதி அதுக்கே போயிரும், ரெண்டு தேவைப்பட்டா பென்சனே பத்தாது. சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே ஜிஎஸ்டிய முழுசா எடுத்துட்டாங்க, டயப்பருக்கு 12 சதவீதமா இருந்தத 2025 செப்டம்பர்லதான் 5 ஆக்குனாங்க. அது டெல்லியில முடிவாகுற சமாச்சாரம், உங்கள மட்டும் கேட்டுப் புண்ணியமில்ல. ஆனா உங்க கையில இருக்குறது ஒன்னு இருக்கு. புதுயுகம் திட்டம் 2011ல வந்தப்போ வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கு நாப்கின் இலவசமாக் குடுக்கறதப் பத்தி வெளிய பேசவே கூச்சப்பட்ட காலம், நீங்கதான் அத அங்கன்வாடி வரைக்கும் கொண்டுபோய் சாதாரண விஷயமா ஆக்குனீங்க. பேத்திக்குச் செஞ்சத பாட்டிக்கும் செய்யலாம்ல? டயப்பரே வேணும்னு இல்ல. படுக்கையில அடியில விரிச்சு, துவைச்சு மறுபடி பயன்படுத்துற துணி அண்டர்பேட், மேல காட்டன், நடுவுல உறிஞ்சுற துணி, கீழ தண்ணி எறங்காத ஷீட், இதத் தைக்க ராக்கெட் தொழில்நுட்பம் ஒன்னும் வேணாம். கரூர்லயும் ஈரோட்லயும் இல்லாத துணியா, மாநிலம் பூரா இருக்குற மகளிர் குழுவுல இல்லாத தையல் மெஷினா? ஒரு ஆளுக்கு நாலு பேட் குடுத்தா மாத்தி மாத்திப் போட்டு மாசக்கணக்குல ஓட்டிரலாம். குப்பையும் மிச்சம்.

குப்பைன்னதும் ஞாபகம் வருது, 2016 திடக்கழிவு விதியிலேயே யூஸ் பண்ண டயப்பரச் சுத்திப் போட கம்பெனிக்காரங்க கவர் குடுக்கறதப் பத்திச் சொல்லியிருந்தாங்க. நான் வாங்குன எந்தப் பாக்கெட்லயும் அப்பிடி ஒரு கவர் இருந்ததில்ல, பேப்பர்ல சுத்தித்தான் குடுக்குறோம், தூய்மைப் பணியாளர்ங்கதான் அதக் கையால பிரிக்கிறாங்க. பாதிப் பேரு வெக்கப்பட்டுக்கிட்டு கொல்லையில வெச்சு எரிக்கிறாங்க. உள்ளாட்சித் துறைக்காரங்ககிட்ட இத நீங்க பேசுனா எடுபடும், நான் பேசுனா வார்டு ஆபீஸ்ல சிரிப்பாங்க.

பாத்துக்குறவங்களப் பத்தியும் ஒன்னு சொல்லணும். எங்க வீட்டுல முதல்ல எல்லாமே என் வைஃப்தான், அவளுக்கு இடுப்பு புடிச்சதுக்கு அப்புறம் ராத்திரி டியூட்டிய நான் எடுத்தேன். பையன் கையால சேலை மாத்துறதுக்கு அம்மா ஒத்துக்கவே இல்ல, "நீ வெளிய போடா"ன்னு சுவத்தப் பாத்துத் திரும்பிக்குவாங்க, கீழ மாத்தறப்போ மேல ஒரு போர்வையப் போத்தி விட்டுட்டு போர்வைக்குள்ளயே மாத்தப் பழகுன அப்புறம்தான் கொஞ்சம் சமாதானமானாங்க. இந்த மாதிரி சின்னச் சின்ன கைவேலைய உங்க பாலியேட்டிவ் நர்சுங்க (படுக்கையில கெடக்குறவங்கள வீட்டுக்கே வந்து பாக்குறவங்க) ஒரே ஒரு தடவ வீட்டுக்கு வந்து செஞ்சு காட்டுனாப் போதும். அதுவும் மருமகளுக்கு மட்டும் சொல்லிட்டுப் போகாம வீட்டு ஆம்பளையையும் கூப்ட்டு நிக்க வெச்சுக் காட்டச் சொல்லுங்க.

அப்புறம் அந்தக் கேள்வியக் கேக்கறப்போ தன்னார்வலர்ங்கள ஒன்னு மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க, மகன் மருமக யாரும் பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்து, மெதுவாக் கேக்கணும். நாங்க நிக்கிறப்போ கேட்டா "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்"னுதான் சொல்லுவாங்க.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்துல அம்மாவப் பாத்துக்குற ஒரு மகன்