திருத்தினால் பொய்யாகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

"திருத்திய படம் பொய்ப் படம்" என்று யாராவது சொல்லிவிட்டால், புகைப்படங்களைக் கணினியில் திருத்தப் புதிதாகக் கற்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். பிலிம் காலத்தில் இருட்டறையில் பிரின்ட் போட்டுப் பிழைத்தவன் நான். அன்றும் திருத்தத்தான் செய்தோம். முகம் கறுத்துவிடாமல் இருக்க என்லார்ஜர் (பிலிமில் உள்ள படத்தைத் தாளில் பெரிதாக்கி விழச் செய்யும் கருவி) ஒளியைக் கையால் மறைப்போம். வெளுத்த வானத்துக்குக் கூடுதலாகச் சில நொடி ஒளி கொடுப்போம். இன்று அதே வேலையை ‘ஷேடோஸ்’ (இருண்ட பகுதி), ‘ஹைலைட்ஸ்’ (வெளிச்சப் பகுதி) என்ற இரண்டு ஸ்லைடர்கள் செய்கின்றன, ஹைப்போ என்ற இருட்டறை ரசாயனத்தின் நாற்றம் இல்லாமல்.

பணமும் தடையல்ல. 1996 முதல் கிடைக்கும் கிம்ப், ரா கோப்புகளுக்கான (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை) டார்க்டேபிள் என்ற திருத்தும் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். முதலில் சாய்ந்த அடிவானத்தை நிமிர்த்துங்கள், ஓரத்தில் துருத்தும் வேண்டாததை வெட்டுங்கள். பாதிப் படங்களுக்கு இதுவே போதும். பிறகு ஹிஸ்டோகிராம்: படத்தில் இருட்டு முதல் வெளிச்சம் வரை எது எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம். மலைத்தொடர் போன்ற அந்த வரைபடம் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால், வெண்மையில் விவரம் போய்விட்டது என்று அர்த்தம். வழக்கமாகச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. அதனால்தான் இருண்ட பகுதியை வெளிச்சமாக்கும்போது ரா தாங்குகிறது, ஜேபெக் திட்டுத் திட்டாகிறது. ஒன்று மட்டும்: திருத்தியதை மூலக் கோப்பின் மேலேயே சேமிக்காதீர்கள்.

நிறத்தைக் கூட்டும் ஸ்லைடரை எல்லோரும் முதலில் கடைசிவரை இழுப்பார்கள். இழுக்கட்டுமே! மறுநாள் பார்க்கையில் அவர்கள் கண்ணே கண்டித்துவிடும்.

வாசகர்களின் படங்களைத் திருத்துமுன், திருத்தியபின் என்று அருகருகே உங்கள் வார இணைப்பில் வெளியிட்டால் பலருக்குத் துணிச்சல் வரும். செய்வீர்களா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இருட்டறைக்காரர்