பாலசோர் ரயில் விபத்தில் குடும்பங்களுக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

2023 ஜூன் 2 அன்று மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்திலுள்ள பஹாநகா பஜார் நிலையத்தில் கிளைப்பாதையில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. தடம்புரண்ட பெட்டிகளில் பெங்களூரு–ஹவுரா ரயிலும் சிக்கியதால் 290 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அதன்பின் புவனேசுவரம் எய்ம்ஸ் மருத்துவமனையில், உறவினரைத் தேடி வந்த குடும்பங்களுக்கும், மருத்துவர், காவல்துறை, ரயில்வே, மாநகராட்சி ஆகியோருக்கும் இடையே தொடர்பு அலுவலராகப் பணியாற்றியவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, மீட்புப் படையினர் வருமுன்பே கைவிளக்குகளோடு பெட்டிகளுக்குள் இறங்கிய பஹாநகா மக்களுக்கும், அன்றிரவே குருதி கொடுக்க மருத்துவமனையில் வரிசையில் நின்ற பாலசோர் இளைஞர்களுக்கும் உரியது. அவர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பிறகு வந்த வாரங்களில், பிணவறைக்கு வெளியே நடந்த வேலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

முன்பதிவில்லாப் பெட்டிகளில் வந்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. உடல்கள் முதலில் அவ்வூர்ப் பள்ளியில் வைக்கப்பட்டு, கோடை வெப்பம் காரணமாகப் புவனேசுவரத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது பல முகங்கள் அடையாளம் காணும் நிலையில் இல்லை. ஒரே உடலை ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், சற்றும் ஐயமின்றி, தம்முடையது என்று சொன்னதும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. சட்டையின் நிறத்தையும் கையிலிருந்த கயிற்றையும் தவிர அவர்களுக்கு வேறு பிடிமானம் இல்லை. இந்த நிலையில் மரபணுச் சோதனை முடியாமல் எந்த உடலையும் கொடுப்பதில்லை என்று உறுதியாக நின்ற மருத்துவர்களுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். "சீக்கிரம் முடியுங்கள்" என்ற வற்புறுத்தல் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்தது. அதைத் தாங்கிக்கொண்டதோடு, உறுதியாகாத எதையும் குடும்பங்களிடம் சொல்லும்படி என்னை ஒருமுறைகூட அவர்கள் வைக்கவில்லை. முடிவு வராத நாட்களிலும் "இன்று எதுவும் வரவில்லை" என்பதை மாலையில் தவறாமல் தெரிவித்தார்கள். அந்த ஒரு வரி இருந்ததால்தான் அடுத்த நாளும் நான் அந்தக் குடும்பங்களின் முன்னால் போய் நிற்க முடிந்தது.

மரபணு ஒப்பீட்டுக்குப் பெற்றோர் அல்லது பிள்ளைகளின் குருதிதான் தெளிவான முடிவைத் தரும். ஆனால் முதலில் வந்து சேர்ந்தவர்களில் பலர் மாமன், மைத்துனன், ஊர்க்காரர். தாயையோ தகப்பனையோ பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரவழைக்க வேண்டியிருந்தது. எதற்காக வரச் சொல்கிறோம் என்பதை வயதான தாய்க்குத் தொலைபேசியில் விளக்குவது எளிதன்று. என் இந்தி அதற்குப் போதாது, வங்காளமோ எனக்கு அறவே வராது. அந்த உரையாடல்களைத் தம் தாய்மொழியில் நடத்திக் கொடுத்த மாணவத் தன்னார்வலர்கள், நான் சொல்லாத ஆறுதலைத் தாமாகச் சேர்க்காமலும், நான் சொன்னதன் கடுமையை மறைக்காமலும் பேசினார்கள். அனுபவமுள்ள அலுவலர்களுக்கே அது எப்போதும் கைவருவதில்லை.

இழப்பீட்டுத் தொகை 10 லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டதும், தேடி வந்தவர்களை ஐயத்தோடு பார்க்கும் பார்வை ஒன்றும் கூடவே வந்தது. ஆதார் அட்டையில் ஓர் எழுத்தும் வாக்காளர் அட்டையில் வேறோர் எழுத்துமாக இருந்த பெயர்களை, குற்றவாளியை விசாரிப்பது போலன்றி, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஊராட்சித் தலைவரிடம் பேசிச் சரிசெய்து தந்த எழுத்தர்களையும் காவலர்களையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். 1929 உதவி எண்ணில் அழைப்புகளை ஏற்ற மாநகராட்சி ஊழியர்களுக்கும், நாற்றம் தாங்க முடியாத இடத்தில் முறை மாற்றி வேலை செய்த துப்புரவுப் பணியாளர்களுக்கும், உடலோடு சொந்த ஊர்வரை போய் வந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும் என் வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த அலுவலர் குழுவினர், தொடர்பு கிடைக்காத பயணிகளை ஒவ்வொருவராகத் தேடி, சில நாட்களில் அனைவரும் நலம் என்று அறிவித்தார்கள். தமிழன் என்ற முறையில் எனக்கு அது ஆறுதல்தான். ஆயினும் அதைப் பக்கத்தில் காத்திருந்த வங்காளக் குடும்பத்தாரிடம் நான் சொல்லவில்லை. அவர்களே கேள்விப்பட்டு வந்து, மகிழ்ச்சி தெரிவித்தார்கள்.

அடையாளம் தெரியாமல் மிஞ்சிய 81 உடல்களில் 29 உடல்களுக்கான முடிவு ஜூன் மாத இறுதியில் வந்தது. யாரும் உரிமை கோராத 28 உடல்களை அக்டோபரில் மாநகராட்சி தகனம் செய்தது. உறவினர் எவரும் இல்லாத அந்தச் சடங்கில் முன்வந்து கொள்ளி வைத்தவர்களுக்கு, வர இயலாமற்போன குடும்பங்களின் சார்பில் நான் நன்றி சொல்கிறேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியாவிட்டாலும், சொல்ல வேறு யாரும் அங்கே இல்லை.

பலரும் கேட்டுக்கொண்டதால் இம்மடலில் எவர் பெயரையும் குறிக்கவில்லை. தம்மைத்தான் சொல்கிறேன் என்பது அவரவர்க்குத் தெரியும்.

நன்றியுடன்,
குடும்பத் தொடர்பு அலுவலர்,
புவனேசுவரம்