அண்டிரிக் அடிகளார் யார் வீட்டுப் பிள்ளை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதெல்லாம் சரிதான். ஆனால் அதைத் தந்த அண்டிரிக் அடிகளாரைப் ‘போர்த்துக்கீசியப் பாதிரியார்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டீர்கள். ஈய எழுத்துக் கோத்தே பிள்ளைகளை வளர்த்தவன் நான். எங்கள் தொழிலுக்கு மூத்தவர் அவர். அவர் பட்ட அவமானத்தை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது எனக்குப் பொறுக்கவில்லை.

1497-இல் போர்த்துகல் அரசர் மனுவேல் தம் நாட்டு யூதர்களுக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். மாறியவர்களுக்குப் ‘புதிய கிறிஸ்தவர்’ என்று பெயர். பேரன், கொள்ளுப்பேரன் எடுத்தும் அந்தப் பெயர் போகவில்லை. பழைய யூத வழக்கப்படி பன்றிக்கறியை ஒதுக்குகிறார்களா, சனிக்கிழமை அடுப்பு மூட்டாமல் இருக்கிறார்களா என்று பக்கத்து வீட்டுக் கண்கள் பார்த்துக்கொண்டே இருந்தன. சந்தேகம் வந்தால், மதம் தவறியவர்களைத் தண்டிக்கும் சமய விசாரணை மன்றத்தில் (இன்குவிசிஷன்) நிறுத்துவார்கள். 1773-இல்தான் அந்த நாட்டுச் சட்டம் இந்தப் பாகுபாட்டை நீக்கியது.

அந்த வம்சத்தில் பிறந்தவர் அண்டிரிக். பிரான்சிஸ்கன் என்ற துறவற சபையில் சேர்ந்தவரைப் பிறப்பைக் காரணம் காட்டி வெளியே அனுப்பினார்கள். இன்னொரு துறவற சபையான இயேசு சபை ஏற்றுக்கொண்டதால் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ் கற்று, இலக்கணமும் எழுதினார். அதே இயேசு சபை 1593-இல் யூத, முஸ்லிம் வம்சத்தாருக்குக் கதவைச் சாத்தியது. அப்போது கிழவர் உயிரோடுதான் இருந்தார். அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தால் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

நம் நாட்டு மூலிகைகளைப் பற்றி 1563-இல் கோவாவில் நூல் அச்சிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவும் புதிய கிறிஸ்தவரே. அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து சமய விசாரணை மன்றத்தார் எலும்புகளைத் தோண்டி எரித்தார்கள். ஸ்பெயினில் முஸ்லிம் வம்சத்தார் சுமார் மூன்று லட்சம் பேரை 1609 முதல் 1614 வரை நாடு கடத்தினார்கள். பெரும்பாலோர் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து தலைமுறைகள் ஆன குடும்பத்திடமும் “நீங்க எந்தத் தெரு?” என்று கேட்கும் காவிரிக்கரையில் இருக்கிறோம். இந்த வரலாறு இங்கே யாருக்கும் விளங்கும். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும் இணைப்பு அது. அடுத்து அச்சு வரலாறு எழுதும்போது, எந்தக் காரணத்துக்காக அவரை ஒரு சபை விரட்டியது என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
மயிலாடுதுறை