சட்டம் கேட்காத முத்திரை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின் பாகங்களின் பாதுகாப்பு முத்திரை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சட்டமே கேட்காத சான்றிதழ் வெறும் விளம்பரம்தான் என்கிற மாதிரி முடித்திருந்தார்கள். பவர் சப்ளை பழுதுபார்க்கிறவன் நான், அதை அப்படியே விட மனசில்லை.

போன் சார்ஜரைத் திறந்தால், மெயின்ஸ் (சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரம்) பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே பெரும்பாலும் நீல நிறத்தில், வட்டமாக ஒரு சின்ன கெப்பாசிட்டர் (மின்தேக்கி) இருக்கும். ஒய் கெப்பாசிட்டர் என்போம். அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக போன் பக்கம் வந்துவிடும். ஃபியூஸ் போகாது, சார்ஜர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், போனைத் தொடுகிறவருக்குத்தான் தெரியவரும். அதனால்தான் இந்த வகைக்கென்றே ஐஇசி 60384-14 என்று தனி சர்வதேசத் தரம் வைத்திருக்கிறார்கள். ஒழுங்கான கெப்பாசிட்டரின் முதுகில் அமெரிக்காவின் யூஎல், ஜெர்மனியின் விடிஇ, ஐரோப்பாவின் ஈஎன்இசி என்று பாதுகாப்புச் சோதனை முத்திரைகள் இடமில்லாமல் நெருக்கியடித்து நிற்கும். மட்டமான சார்ஜரில் அதே இடத்தில் சாதாரண ஹை வோல்டேஜ் கெப்பாசிட்டர் இருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அதுவும் வேலை செய்யும், அதுதான் சிக்கலே.

சிஇ குறி இருக்கிறதே என்பார்கள். அது ஐரோப்பாவில் விற்கக் கட்டாயம்தான், ஆனால் பெரும்பாலான மின்சாதனங்களுக்குத் தயாரிப்பவரே சோதித்து, அவரே அறிவித்து, அவரே ஒட்டிக்கொள்ளலாம். பரீட்சை எழுதியவரே விடைத்தாளையும் திருத்துகிற கதை. யூஎல், விடிஇ போன்றவற்றில் வெளியாள் வந்து சோதிக்கிறார், அதோடு விடாமல் அப்புறமும் தொழிற்சாலைக்கு ஆள் வருகிறது. யூஎல் ஆட்கள் சொல்லாமலே வந்து நிற்பார்கள். என்னைக் கேட்டால் முத்திரைக்குக் கொடுக்கும் காசு இந்த வருகைக்குத்தான். முதல் சாம்பிள் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், பார்த்துப் பார்த்துச் செய்ததல்லவா. ஆறு மாதம் கழித்து விலையைக் குறைக்கும் நெருக்கடியில் செம்புக் கம்பி மெலிகிறதா, பிளாஸ்டிக்கில் தீயை அணைக்கும் சேர்மானம் குறைகிறதா என்று பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று, யூஎல் அரசாங்கம் தொடங்கியதே இல்லை. 1894-ல் சிகாகோவில் வில்லியம் ஹென்றி மெரில் ஆரம்பித்தபோது பின்னால் நின்றவர்கள் தீக்காப்பீட்டுக்காரர்கள். தீ பிடித்தால் பணம் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே!

சரி, போலி முத்திரை இல்லையா என்றால், உண்டு. பாகத்துக்குக் கிடைத்த சான்றைக் காட்டி முழுச் சாதனத்துக்கே சான்று இருப்பதுபோல் விற்பவர்களும் உண்டு. யூஎல் சின்னத்தில் ஆர் எழுத்து திரும்பியிருந்தால் அது உள்ளே இருக்கும் பாகத்துக்கு மட்டும்தான். பக்கத்தில் ஈ எழுத்தில் தொடங்கும் கோப்பு எண் இருந்தால், யூஎல்லின் இணையப் பட்டியலில் போட்டு அது யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அதை எப்படித் தேடுவது என்று அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்களேன், கட்டுரையில் அது விட்டுப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
பழுதுபார்க்கும் மேசையிலிருந்து ஒரு வாசகர்