பெரியப்பாவின் ரோலிஃப்ளெக்ஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

சரி, கேமரா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெரியப்பாவின் ரோலிஃப்ளெக்ஸை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விற்காதே. படத்தைப் பார்த்தால் அது ஆட்டோமேட் மாடல். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் ஊரில் ஃபிராங்கே, ஹைடெக்கே இருவரும் 1920இல் தொடங்கிய கம்பெனி செய்தது. அவர்கள் முதலில் செய்தது மூன்று லென்ஸ் வைத்த ஸ்டீரியோ கேமரா, அதாவது ஒரே காட்சியை இரட்டைப் படமாக எடுப்பது. ஓரத்து இரண்டும் படமெடுக்க, நடுவில் உள்ளது பார்க்க. அதில் ஒன்றைக் கழித்து, மிச்ச இரண்டையும் மேலும் கீழுமாக நிறுத்தினால் 1929இல் வந்த ரோலிஃப்ளெக்ஸ்.

1937இல் வந்த ஆட்டோமேட்டை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. அந்தக் காலத்து ரோல் ஃபிலிம் கேமராக்கள் பலவற்றில் முதுகில் ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கும், அதில் எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சுற்ற வேண்டும். இதில் அந்த வேலையே இல்லை. இதில் போடும் 120 வகை ரோல் ஃபிலிமின் முன்பகுதி வெறும் காகிதம்தானே? ஃபிலிம் ஒட்டியிருக்கும் இடம் வந்ததும் தடிமன் துளி கூடும். அந்தத் துளியை உள்ளே இருக்கும் இரண்டு உருளைகள் உணர்ந்து, படங்களை எண்ணும் கவுன்டரை ஓட விடும். பேட்டரி கிடையாது, எல்லாம் பல்சக்கரமும் ஸ்பிரிங்கும்தான்.

அதனால் ஃபிலிம் போடும்போது காகித நுனியை அந்த உருளைகளுக்கு நடுவே விட்டு எடு. மேலாகப் போட்டால் கவுன்டர் தொடங்காது, 12 படமும் போச்சு. ஷட்டர் வேகத்தை 500இல் (நொடியில் 500இல் ஒரு பங்கு) வைப்பதானால், ஷட்டர் ஸ்பிரிங்கை ஏற்றுவதற்கு முன்பே வைத்துவிடு. உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடியைத் துணியால் துடைக்காதே, பூச்சு மேல்பக்கமே இருப்பதால் கீறிவிடும்.

மேலிருந்து கேமராவுக்குள் குனிந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும். முதலில் கை தடுமாறும், அப்புறம் பழகிவிடும். முகத்தை மறைக்காமல் வயிற்றருகே பிடிப்பதால் எதிரில் இருப்பவர் கூச்சப்படுவதில்லை. சிகாகோ தெருக்களில் விவியன் மேயர் என்ற புகைப்படக்காரி ரோலிஃப்ளெக்ஸால் எடுத்த படங்களைப் பார், அந்த நெருக்கம் புரியும். முதல் ரோலில் உன் அம்மாவை எடு.

நீண்ட நாள் பெட்டியில் கிடந்ததால் ஒரு நொடி, அரை நொடி ஷட்டர் வேகங்கள் சிக்கும். எண்ணெய் இறுகியிருக்கும், நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துத் துடைக்கச் சொல். அதற்கு முன் டார்ச் அடித்து, லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து எழுது. ஃபிலிம் நான் வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்